பழைய நீதிமன்றமா, புறவழிச்சாலை மனையா? நகரத்துக்கு ஒரு பொதுக் கலைக்கூடம் திட்டமிடுவது குறித்து

கேள்வி: தூரிகைக்காரன்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மாவட்டத் தலைநகரில் பொதுமக்களுக்கென ஒரு கலைக்கூடம் அமைப்பது குறித்துப் பேச்சு நடந்து வருகிறது. ஓவிய ஆசிரியர்கள், சிற்பிகள், கட்டடக்கலை மாணவர்கள் சிலர் சேர்ந்த எங்கள் வட்டத்திடமும் எழுத்துமூலம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு இடங்கள் பேசப்படுகின்றன. முதலாவது, நீதிமன்றங்கள் புதிய ஒருங்கிணைந்த வளாகத்துக்கு மாறிய பின் பூட்டிக் கிடக்கும் பழைய நீதிமன்றக் கட்டடம். வெள்ளைக்காரர் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை, இருபுறமும் அகன்ற தாழ்வாரம். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். இரண்டாவது, புறவழிச்சாலையை ஒட்டிய ஐந்து ஏக்கர் வெற்று மனை. அங்கே நினைத்தபடி புதிதாகக் கட்டலாம், வண்டி நிறுத்தவும் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் நகரப் பேருந்துகள் அந்தப் பக்கம் அரிதாகவே போகின்றன.

எங்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. பழைய கட்டடத்தைக் காப்பாற்ற இதைவிட்டால் வேறு வாய்ப்பு வராது என்று சிலரும், ஒழுகும் கூரையின் கீழ் ஓவியத்தை மாட்டுவது தகாது என்று சிலரும் சொல்கிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. கலைக்கூடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்களின் படைப்புகள், சில குடும்பங்களில் தலைமுறைகளாக இருந்து வரும் தஞ்சாவூர் ஓவியங்கள், சென்னையிலும் கும்பகோணத்திலும் கவின்கலைக் கல்லூரிகளில் படித்துத் திரும்பிய இளையவர்களின் ஆக்கங்கள் ஆகியவை கிடைக்கும் என்று நம்புகிறோம்.

பிற நகரங்களில் இத்தகைய முடிவை எப்படி எடுத்தார்கள், கட்டடக்கலைஞரை அழைப்பதற்கு முன் எவற்றையெல்லாம் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பதை இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் எங்கள் மனுவுக்குப் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: சிங்கைவாசி

உங்கள் நிலைமைக்கு மிக அருகில் வரும் எடுத்துக்காட்டு நான் வாழும் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. இங்குள்ள தேசியக் கலைக்கூடமும் பழைய நீதிமன்றத்தில்தான் இயங்குகிறது. 1939இல் திறக்கப்பட்ட உச்ச நீதிமன்றக் கட்டடத்தையும், அதற்குப் பக்கத்தில் 1929இல் கட்டி முடித்த நகர மண்டபத்தையும் இணைத்து, 2015 நவம்பர் 24 அன்று கலைக்கூடமாகத் திறந்தார்கள். 1945 செப்டம்பரில் ஜப்பானியப் படை முறைப்படி சரணடைந்ததும், 1959இல் லீ குவான் யூ பிரதமராகப் பதவியேற்றதும் அந்த நகர மண்டபத்தில்தான். இரண்டு கட்டடங்களும் 1992இலேயே தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. ஆகவே முகப்பிலும் முக்கிய அறைகளிலும் கைவைக்காமல் வேலையை முடிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது.

காலக்கணக்கைப் பாருங்கள். 2005இல் பிரதமர் தேசிய தின உரையில் திட்டத்தை அறிவித்தார். அனைத்துலக வடிவமைப்புப் போட்டி நடத்தி, 2008இல் ஸ்டூடியோமிலூ என்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டுமானப் பணி 2011இல்தான் தொடங்கியது. அறிவிப்பிலிருந்து திறப்புவரை பத்தாண்டுகள், செலவு 53.2 கோடி சிங்கப்பூர் வெள்ளி, மொத்தப் பரப்பு ஏறத்தாழ 64,000 சதுர மீட்டர். உங்கள் நகரத்துக்கு இந்த அளவுகள் பொருந்தாது என்பது தெரிந்ததே. எடுத்துக்கொள்ள வேண்டியது, அந்தப் பத்தாண்டில் முதல் ஆறு ஆண்டுகள் கட்டுமானம் தொடங்குவதற்கு முன்பே கழிந்தன என்பதை.

அதைவிட முக்கியமான ஒன்று வெளியூர்க்காரர்களின் கண்ணில் படுவதில்லை. கலைக்கூடம் அறிவிக்கப்படுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது 2000இலேயே, ஜூரோங் பகுதியில் தேசியத் தொகுப்புக்கான மரபுப் பாதுகாப்பு மையத்தைத் திறந்துவிட்டார்கள். கலைப்பொருள்களைச் சேமித்துவைக்கும் கிடங்கும் பழுதுபார்க்கும் ஆய்வகங்களும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. அதற்கும் முன்னதாக, 1996இல், பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் சிங்கப்பூர்க் கலை அருங்காட்சியகம் தொடங்கி, ஓவியங்களையும் சிற்பங்களையும் முறையாகச் சேகரித்துப் பதிவுசெய்து வந்தது. தேசியக் கலைக்கூடம் திறந்த நாளில் சுவரில் மாட்டியவை ஒரே ஆண்டில் அவசர அவசரமாக வாங்கியவையல்ல. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சேர்த்த தொகுப்பும், அதைக் காத்துவந்த கிடங்கும், அவற்றைக் கையாளப் பழகிய ஆட்களும் தயாராக இருந்தபோதுதான் கட்டடம் வந்தது. உங்கள் மனுவில் இந்த வரிசையை நீங்கள் வலியுறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய கட்டடத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கட்டடங்களுக்கும் இடைப்பட்ட திறந்த வெளியின் மேல், மரக்கிளைபோல் விரியும் தூண்களில் உலோகமும் கண்ணாடியும் கலந்த மேற்கூரையைப் பரப்பி, அதன் நிழலில் நடைபாலங்களால் இரண்டையும் இணைத்தார்கள். பழைய அறைகளுக்குள் அடங்காத வசதிகளுக்காக நிலத்தடியில் தோண்டினார்கள். பழைய சுவர்களும் தூண்களும் தாங்கி நிற்கும்போதே அவற்றின் அடியில் தோண்டும் வேலை என்பதால், செலவிலும் காலத்திலும் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதிக்கே போயிருக்கும். நீதிமன்றத்தின் நினைவை அழிக்கவுமில்லை. கைதிகளை நிறுத்திவைத்த சிறு அறைகளில் சிலவற்றை இன்றும் பார்க்கலாம். 1937இல் நாட்டிய அடிக்கல்லும் அதே இடத்தில் இருக்கிறது. அதன் கீழே புதைத்த காலப்பேழையை 3000ஆம் ஆண்டில் திறக்க வேண்டும் என்று அன்றே எழுதிவைத்துவிட்டார்கள்.

நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணமில்லை. நுழைவு இலவசமா, கட்டணமா என்பதைத் திறப்பு விழா நெருங்கும்போது முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஆண்டுச் செலவுக் கணக்கே அதைச் சார்ந்தது.

மறுமொழி: தங்கரேக்

தம்பிக்கு வணக்கம். அருங்காட்சியகங்களில் கலைப்பொருள் பாதுகாப்புப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றவள் நான். இடம் எதுவானாலும், உள்ளே இருக்கப்போகும் பொருளின் பக்கம் நின்று சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தஞ்சாவூர் ஓவியங்கள் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓவியம் எப்படி உருவாகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மரப்பலகையின் மேல் துணியை ஒட்டி, அதன் மேல் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) பொடியும் பசையும் கலந்து பூசி, மேடாக எழுப்ப வேண்டிய இடங்களில் எழுப்பி, கல் பதித்து, தங்கரேக் ஒட்டி, பிறகு வண்ணம் தீட்டுகிறார்கள். காற்றில் ஈரம் கூடினால் பலகை விரியும், குறைந்தால் சுருங்கும். மேலே இருக்கும் சுக்கான் பூச்சுக்கோ அந்த நெகிழ்வு கிடையாது. ஒருமுறை விரிந்து சுருங்குவதால் பெரிய கேடு வந்துவிடாது. நாள்தோறும் விரிந்து சுருங்கினால் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். பிறகு ஓரங்கள் தூக்கிக்கொண்டு செதில் செதிலாக எழும். கடைசியில் தங்கரேக்கோடு சேர்ந்து உதிரும். கோயில் மடப்பள்ளிப் புகையில் நூறாண்டு கிடந்த ஓவியம், குளிரூட்டிய அறைக்கு வந்த சில ஆண்டுகளில் உதிரத் தொடங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காரணம் குளிரூட்டல் அன்று, அதை இயக்கிய முறை. காலை பத்து மணிக்கு இயக்கி, மாலை ஐந்தரைக்குப் பார்வையாளர்களோடு சேர்ந்து அதையும் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். பகலில் வறண்டு குளிர்ந்த அறைக்குள் இரவில் வெளிக்காற்றின் ஈரம் புகுகிறது. சுவரை ஒட்டிய சட்டங்களின் பின்புறம் அந்த ஈரம் தங்கி, பூஞ்சை பிடிக்கிறது. மறுநாள் காலை மீண்டும் வறட்சி. இப்படி அரைகுறையாகக் குளிரூட்டுவதைவிட, தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் நல்ல காற்றோட்டமும் கொண்ட அறையில் குளிரூட்டாமலே வைப்பது மேல். இருபத்து நான்கு மணி நேரமும், ஆண்டு முழுவதும், மின்தடை வந்தாலும் இயக்க முடியும் என்று மின்கட்டணக் கணக்கோடு யாராவது உறுதி கொடுத்தால் மட்டுமே குளிரூட்டும் வசதியைத் திட்டத்தில் சேருங்கள். கட்டடம் முழுவதற்கும் அது முடியாது என்றால், கிடங்கு ஒன்றுக்கும், எளிதில் கெடும் பொருள்களுக்கான ஒரு கூடத்துக்கும் மட்டும் முழுநேரக் கட்டுப்பாட்டைக் கொடுத்து, மற்ற கூடங்களை இயல்பான காற்றோட்டத்தோடு விட்டுவிடலாம். உலகின் பெரிய அருங்காட்சியகங்களே முன்பிருந்த இறுக்கமான விதியைத் தளர்த்தி, ஒப்பு ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு, வெப்பநிலை 16 முதல் 25 டிகிரி என்ற அகன்ற எல்லைக்குள் வந்துவிட்டன. ஒரே நாளில் பெரிய ஏற்ற இறக்கம் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

எல்லாப் பொருளுக்கும் ஒரே காற்று ஒத்துவராது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். செப்புத்திருமேனிகளில் உப்பு ஏறி, வெளிர்ப் பச்சைப் பொடியாக உதிரும் நோய் ஒன்று உண்டு. அதற்கு மருத்துவம் பார்ப்பதற்காகவே எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். அந்த நோய் கண்ட உலோகத்துக்கு மிக வறண்ட காற்று வேண்டும். அதே வறட்சி மரப்பலகை ஓவியத்தைக் கொன்றுவிடும். எனவே எதைச் சேகரிக்கப் போகிறீர்கள் என்பது தெரியாமல் எந்தப் பொறியாளரும் உங்களுக்குச் சரியான கட்டடத்தைத் தர முடியாது.

வெளிச்சமும் அப்படியே. காகிதத்தில் தீட்டிய நீர்வண்ண ஓவியம், துணி, பழைய ஒளிப்படம் ஆகியவற்றின் மீது 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளியின் செறிவை அளக்கும் அலகு) மேல் ஒளி படக்கூடாது; எண்ணெய் வண்ண ஓவியம் 200 லக்ஸ் வரை தாங்கும். பழைய நீதிமன்றத்தின் தாழ்வாரங்கள் இந்த வகையில் பெரிய கொடை. வெயில் நேராக உள்ளே விழாமல் அவை தடுத்துவிடும். கூடுதல் இடம் வேண்டும் என்று தாழ்வாரத்தை அடைத்து அறையாக்கும் யோசனை கட்டாயம் வரும். தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள்.

எழும்பூர் வளாகத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. ஹென்றி இர்வின் வடிவமைத்த விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு 1906இல் அடிக்கல் நாட்டி, 1909இல் திறந்தார்கள். 1951இல் அது தேசியக் கலைக்கூடமானது. ரவிவர்மாவின் ஓவியங்களை அங்கேதான் மக்கள் பார்த்தார்கள். கட்டடத்தின் உறுதி குறைந்துவிட்டதால் 2002இல் அதை மூடினார்கள். அன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தக் கூடத்துக்குள் ஒருமுறையும் கால்வைக்காமலே வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். எவ்வளவு அழகிய கட்டடமானாலும், ஆண்டுதோறும் பராமரிக்கத் தனி நிதித் தலைப்பு இல்லாவிட்டால் அந்த நிலை வரும்.

மறுமொழி: தேம்ஸ்கரை

இலண்டனில் வசிக்கும் எனக்கு இங்குள்ள டேட் மாடர்ன் கலைக்கூடம் நன்கு பழக்கமான இடம். இடத்தேர்வு குறித்து மட்டும் எழுதுகிறேன்.

1981இல் மூடிய பேங்க்சைடு மின்நிலையத்தை ஹெர்சாக், டி மெரோன் ஆகிய சுவிஸ் கட்டடக்கலைஞர்கள் கலைக்கூடமாக மாற்றி, 2000 மே மாதம் திறந்தார்கள். செலவு 13.4 கோடி பவுண்டு. அதில் 5 கோடி லாட்டரிப் பணத்திலிருந்து மில்லேனியம் ஆணையம் கொடுத்தது. போட்டியில் பங்குகொண்ட வேறு பலர் பழைய கட்டடத்தைப் பெரிதும் மாற்ற நினைத்தபோது, இவர்கள் செங்கல் சுவரையும் புகைபோக்கியையும் அப்படியே வைத்துக்கொண்டு, மின்னாக்கிகள் நின்ற மாபெரும் கூடத்தைக் காலியாக விட்டார்கள். அந்த வெறுமைதான் இன்றுவரை அதன் பெரிய ஈர்ப்பு. ஆண்டுக்கு இருபது இலட்சம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்துக்கு முதல் ஆண்டில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

கூட்டம் வந்ததற்குக் கட்டடம் மட்டும் காரணமன்று. 1999இல் அருகிலுள்ள சதர்க்கில் புதிய சுரங்க ரயில் நிலையம் திறந்தது. செயின்ட் பால் தேவாலயத்திலிருந்து நேரே ஆற்றைக் கடந்து வாசலில் கொண்டுவந்து சேர்க்கும் நடைபாலமும் அமைந்தது. நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணமும் இல்லை. மதிய உணவு இடைவேளையில் அலுவலகத்திலிருந்து வந்து ஒரே ஓர் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். புறவழிச்சாலையில் இருக்கும் கலைக்கூடத்துக்கு அப்படி ஒருவரும் போகமாட்டார். காரில் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்காக மட்டுமே அது நிற்கும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நடந்துபோகும் தூரத்தில் உங்களுக்கு ஓர் இடம் கிடைப்பது பெரும்பேறு.

அக்கம்பக்கத்தாரோடு முதலிலேயே பேசிவிடுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 2016இல் டேட் மாடர்ன் கட்டிய புதிய பகுதியின் பத்தாம் தளத்தில் நகரைச் சுற்றிப் பார்க்கும் மாடம் அமைத்தார்கள். எதிரே கண்ணாடிச் சுவர் கொண்ட அடுக்குமாடி வீடுகள். பார்வையாளர்கள் தங்கள் வரவேற்பறைக்குள்ளேயே எட்டிப் பார்ப்பதாக வீட்டுக்காரர்கள் வழக்குத் தொடுத்து, கீழ் நீதிமன்றங்களில் தோற்றும் விடாமல், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் வென்றுவிட்டார்கள்.

மறுமொழி: கோணமட்டம்

கட்டடக்கலைஞன் என்ற முறையில் சற்று மாறுபட விரும்புகிறேன். பழைய கட்டடம் என்றாலே சிக்கனம், புதியது என்றாலே வீண் என்ற எண்ணம் இந்த உரையாடலில் மெல்லப் படிந்து வருகிறது. பழைய கட்டடத்துக்குள் சரக்கு மின்தூக்கி நுழையாது. தளம் கற்சிற்பத்தின் எடையைத் தாங்குமா என்று சோதிக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு வாசற்படி முதல் கழிப்பறை வரை எல்லாவற்றையும் மாற்றியமைக்க வேண்டும். தீயணைப்பு விதிகளுக்கு உட்பட்டுப் புதிய மாடிப்படி வேண்டும். இவற்றையெல்லாம் சுண்ணாம்புச் சுவரைக் காயப்படுத்தாமல் செய்து முடிக்கும்போது, சதுர அடிக் கணக்கில் புதிய கட்டடத்தைவிடச் செலவு கூடுவது உண்டு. நல்ல புதிய கட்டடத்துக்கு ஊரின் முகத்தை மாற்றும் ஆற்றலும் உண்டு.

இதற்கு எல்லோரும் சுட்டுவது ஸ்பெயினின் பில்பாவ் நகரம். ஃபிராங்க் கெரி வடிவமைத்த கூகன்ஹைம் அருங்காட்சியகம் 1997இல் திறந்தது. அதைப் பின்பற்றிப் பல நகரங்கள் கண்ணைப் பறிக்கும் கட்டடங்களை எழுப்பின. பில்பாவில் உண்மையில் நடந்ததை அவை முழுமையாகப் பார்க்கவில்லை. அந்த நகரம் அடங்கிய பாஸ்க் பகுதியின் அரசு கட்டடத்துக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியதோடு நிற்காமல், கலைப்படைப்புகள் வாங்க 5 கோடி டாலர் தனி நிதியும், ஆண்டுதோறும் நடப்புச் செலவுக்கு 1.2 கோடி டாலர் அளவில் மானியமும் தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டுகளில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது, நெர்வியோன் ஆற்றைத் தூய்மை செய்தார்கள், நகர நடுவிலிருந்த துறைமுகத்தைக் கடல் பக்கம் நகர்த்தினார்கள். அந்த ஏற்பாடுகளோடு சேர்ந்து வந்ததால்தான் அந்தக் கட்டடம் ஊரை மாற்றியது.

மறுபக்கத்தில், இங்கிலாந்தின் வெஸ்ட் பிராமிச் நகரில் தி பப்ளிக் என்ற பெயரில் வில் ஆல்சப் வடிவமைத்த கலைக்கூடம் 2008இல் திறந்து, நடப்புச் செலவுக்கு வழியில்லாமல் 2013இலேயே மூடப்பட்டது. இப்போது அது ஒரு கல்லூரி. கனடாவின் வான்கூவர் நகரக் கலைக்கூடத்துக்குப் புதிய கட்டடம் வேண்டுமென்று பல்லாண்டு முயன்று, ஒருவரிடமிருந்தே 10 கோடி கனடிய டாலர் நன்கொடையும் பெற்றார்கள். மதிப்பீடு 40 கோடியிலிருந்து 60 கோடிக்கு ஏறியதும் 2024 டிசம்பரில் அந்த வடிவமைப்பையே கைவிட வேண்டியதாயிற்று.

எனவே என் வேண்டுகோள் இதுதான். எந்த மனையானாலும், விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க ஆலோசகரை அமர்த்துவதற்கு முன், கலைக்கூடத்தின் தேவைகளை விவரிக்கும் ஆவணம் ஒன்றை நீங்களே எழுதுங்கள். காட்சிக் கூடங்களைத் தவிர்த்து, கிடங்கு, பொருள்களைப் பெட்டியிலிருந்து பிரிக்கும் அறை, சட்டமிடும் பட்டறை, பள்ளிப் பிள்ளைகளுக்கான அறை, பொறுப்பாளர்களின் அலுவலகம், இயந்திர அறை என்று எல்லாவற்றுக்கும் பரப்பு குறியுங்கள். காட்சிக் கூடம் மொத்தப் பரப்பில் பாதியைத் தொடுவதே அரிது என்பதைக் கண்டு பலர் திகைப்பார்கள். லாரி வந்து நிற்கும் இடத்திலிருந்து பெரிய ஓவியம் ஒன்று கூடத்தின் சுவரை அடையும் பாதையைக் கோடு போட்டுப் பாருங்கள். அந்தப் பாதையில் ஒரே ஒரு கதவு குட்டையாக இருந்தாலும், ஒரே ஒரு திருப்பம் குறுகலாக இருந்தாலும், அதைவிடப் பெரிய படைப்பை அந்தக் கலைக்கூடம் எந்தக் காலத்திலும் காட்ட முடியாது. பொதுப்பணித்துறையின் அலுவலகக் கட்டட வரைபடத்தையே சற்று மாற்றிக் கலைக்கூடம் என்று பெயர் சூட்டும் வழக்கத்தை இந்த ஓர் ஆவணம் தடுத்துவிடும்.

தூரிகைக்காரன்

பொறுமையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. தேவை ஆவணம் எழுதும் வேலையை எங்கள் வட்டத்திலிருக்கும் மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். இடத்தைப் பொறுத்தவரை பழைய நீதிமன்றத்தின் பக்கமே பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். கிடங்கையும் சரக்கு இறக்கும் மேடையையும் பின்புறம் காலியாக இருக்கும் இடத்தில் சிறிய புதிய கட்டடமாக எழுப்பலாமா என்றும் யோசிக்கிறோம். இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. தொகுப்பே இல்லாமல், ஓவியர்களுக்கு வாடகைக்கு விடும் காட்சியரங்கமாக மட்டும் தொடங்கினால் போதாதா? அடுத்து, கூரை பல இடங்களில் ஒழுகுகிறது என்கிறார்கள். அந்த உத்தரங்களை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவதே நல்லது என்று ஒரு பொறியாளர் சொல்கிறார். தங்கரேக் அம்மா இதைப் பற்றிக் கூறினால் நன்று.

மறுமொழி: கரித்துண்டு

முதல் ஐயத்துக்கு ஓர் ஓவியனாக விடை சொல்கிறேன். மும்பையின் ஜஹாங்கீர் கலைக்கூடம் 1952இலிருந்து பெரும்பாலும் அந்த முறையில்தான் இயங்குகிறது. நாடெங்குமிருந்து ஓவியர்கள் அங்கே ஒரு வாரம் இடம் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வாழ்வு. ஆனால் வாரம் முடிந்ததும் சுவர் காலியாகிவிடும். உங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த ஆசிரியர் காலமானால், அவருடைய படைப்புகள் எங்கே போகும் என்ற கேள்விக்கு வாடகை அரங்கம் விடை தராது. பரணில் கிடந்து கரையான் அரிக்கும், அல்லது வீடு விற்கும்போது பழைய காகிதக்காரரிடம் போகும். ஹாங்காங்கின் எம் பிளஸ் அருங்காட்சியகம் 2021இல்தான் திறந்தது; அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 2012இல், ஊலி சிக் என்பவர் தாம் சேர்த்த சீனச் சமகாலக் கலைப்படைப்புகளில் 1,463ஐ அதற்குக் கொடையாக அளித்துவிட்டார். நம் ஊரில் அவ்வளவு பெரிய கொடையாளர் இல்லாவிட்டாலும், நூறு படைப்புகளைப் பதிவேட்டில் ஏற்றி, ஒளிப்படமெடுத்து, எழுத்துமூல உரிமையோடு பெற்றுக்கொள்ளக் கட்டடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கூடத்தை வாடகைக்கு விடுங்கள், மற்றவற்றை ஊரின் தொகுப்புக்கு வையுங்கள்.

மறுமொழி: தங்கரேக்

தம்பி, உத்தரங்களை எடுப்பதற்கு யாரும் அவசரப்பட வேண்டாம். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டத்தில் சுண்ணாம்புச் சாந்தால் கட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டையான ஓடு பதித்திருப்பார்கள். அந்தக் கூரை தானாக ஒழுகுவது குறைவு. பெரும்பாலும் வடிகால் வாய்கள் அடைத்துக்கொண்டு நீர் தேங்கியிருக்கும், அரசமரச் செடி வேரோடியிருக்கும், அல்லது ஒழுகலை நிறுத்துவதாக எண்ணி மேலே சிமெண்டுப் பூச்சு பூசியிருப்பார்கள். சிமெண்டு வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய நீர் ஆவியாக வெளியேற வழியில்லாமல் சுண்ணாம்புக்குள்ளேயே தங்கும். பழைய பூச்சுகளின் சுமையையும் அந்த உத்தரங்கள்தாம் தாங்குகின்றன. சுவரிலும் இதே கதைதான். உட்சுவரில் சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் வண்ணமும் இருந்தால் அவற்றை நீக்கிவிட்டுச் சுண்ணாம்புக்கே திரும்புங்கள். அந்தச் சுவர்தான் உங்கள் கூடத்தின் ஈரத்தைச் சமன்செய்யப் போகிறது.

ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் கட்டடத்தைக் கவனிக்க அனுமதி வாங்குங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் வடிகால் வாய்களின் அடைப்பையும் செடிகளையும் நீக்கிவிட்டு, ஒவ்வோர் அறையிலும் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் பதியும் சிறு கருவி ஒன்றை வையுங்கள், விலை அதிகமில்லை. மழை பெய்யும்போதே உள்ளே போய், கசிவு தென்படும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுத் தேதி எழுதுங்கள். உத்தரங்களில் முதலில் கெடுவது சுவருக்குள் செருகியிருக்கும் முனைகள்தாம். நடுப்பகுதி கல்போல் இருக்கும்போதே முனை மக்கிப்போயிருக்கலாம். ஆகையால் அனுபவமுள்ள தச்சர் ஒருவரை அழைத்துப்போய் ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்த்து, மெல்லிய துளையிட்டுச் சோதித்து, கெட்டவற்றை மட்டும் வரைபடத்தில் குறித்து வாங்குங்கள். பொறியாளர் சொன்ன கான்கிரீட் தளத்துக்கான மதிப்பீட்டையும், கெட்ட உத்தரங்களை மட்டும் மாற்றுவதற்கான மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனுவோடு இணைத்துவிடுங்கள்.